தூர தேசத்து ஏடுகளில் ஒரு பேட்டையின் வம்சாவளி

பெங்களூர்க் காக்ஸ் டவுனில் வாழும் ஒரு குடும்பத்தார், தமிழராயினும் ஆங்கிலோ இந்தியராயினும், தம் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார், எப்போது இந்தப் பக்கம் வந்து குடியேறினார் என்பதை வாய்மொழியாக அல்லாமல் ஆதாரத்தோடு அறிய விரும்பினால், அதற்குரிய காகிதங்களில் பெரும்பகுதி அவர்கள் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இல்லை. சில லண்டன் மாநகரத்தில் இருக்கின்றன, சில புதுதில்லியில், சில சென்னை எழும்பூரில், கடல் கடந்து போனவர்களைப் பற்றியவை நேட்டாலிலும் மொரீஷியஸிலும். ஆதலால் அந்தந்த ஊரில் உள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஊதியம் கொடுத்து, தமக்காக ஏடு புரட்டச் செய்வது இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தவிர்க்கமுடியாத காரியமாயிற்று.

ஒரு பேட்டையின் ஞாபகம் இப்படி நாலா திசையிலும் சிதறிப்போனதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலச் சேனை, அவ்வூரின் விஷஜுரத்துக்கு அஞ்சி 1809-இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அது சென்னை ராஜதானியின் சேனை. ஆகவே அதைத் தொடர்ந்து வந்த சிப்பாய்கள், சமையற்காரர்கள், வண்டிக்காரர்கள், தானிய வர்த்தகர்கள், கணக்குப்பிள்ளைகள் ஆகியோரில் ஏராளமானவர்கள் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த தமிழர்கள். 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்தாரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, சேனை தங்கிய கண்டோன்மெண்ட் மட்டும் தனியே பிரித்து நிறுத்தப்பட்டு, சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரோடு ஆங்கில அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் ஆளுகையில் இருந்தது. 1898-இல் பிளேக் நோய் வந்து கண்டோன்மெண்டுக்குள் இருந்த பிளாக்பள்ளியின் நெருக்கமான சந்துகளைச் சூறையாடிய பிறகு, காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அதன் பலனாக 1910-இல் பிரேசர் டவுன் உண்டாயிற்று. அதன் அண்டையிலேயே காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் ஆகியவை ஆங்கிலேயர்களின் பெயர்களைத் தாங்கி வளர்ந்தன. 1947 ஜூலை 26-ஆம் தேதி இந்தப் பிரதேசம் மறுபடியும் மைசூரோடு சேர்ந்தது. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களைப் பற்றிய காகிதங்களோ அதிகாரம் எங்கே வீற்றிருந்ததோ அங்கே போய்ச் சேர்ந்தன. ரெசிடெண்டின் தஸ்தாவேஜுகள் தில்லியின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. சேனையையும் மாதாகோயிலையும் பற்றியவை சென்னை வழியாக லண்டனுக்குக் கப்பலேறின.

இந்த மாதாகோயில் கணக்குகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். 1816-இல் அர்ச்சிக்கப்பட்ட செயின்ட் மார்க் ஆலயம் போன்ற இடங்களில் குருவானவர் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் தம் ஏட்டில் எழுதிவைப்பார். அதிலிருந்து ஒரு நகல் சென்னைக்குப் போகும். அங்கே ராஜதானி முழுவதிலுமிருந்து வந்த நகல்களைத் திரட்டி, மறுபடியும் ஒரு நகல் எடுத்து, லண்டனுக்கு அனுப்புவார்கள். 1698 முதல் 1948 வரையுள்ள சென்னை ராஜதானிப் பதிவுகள் இவ்வாறு சேர்ந்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் தனி வரிசையாக இருக்கின்றன. கத்தோலிக்கக் கோயில்களின் கணக்கு முழுவதும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆகையால் சிவாஜி நகர் செயின்ட் மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவரை லண்டனில் தேடுவதற்கு முன் அந்த ஆலயத்திலேயே விசாரிப்பதுதான் முறை. மேலும், லண்டனில் இருப்பது நகலின் நகல் என்பதைத் தேடுகிறவர் ஒருநாளும் மறக்கலாகாது. பெங்களூர்க் குருவின் கையெழுத்தைச் சென்னைக் குமாஸ்தா எப்படி வாசித்தாரோ அப்படித்தான் குலப்பெயர் நிற்கும்.

அத்தகைய பதிவு ஒன்றில் என்ன இருக்கும்? பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், தந்தையின் உத்தியோகம், வசிக்கும் இடம், சடங்கை நடத்திய குருவின் கையொப்பம், அவ்வளவே. அனுபவமற்றவர் குழந்தையின் பெயரைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடுவார். தொழில் தெரிந்தவரோ தந்தையின் உத்தியோகம் எழுதப்பட்ட கட்டத்தில்தான் கண்ணை நிறுத்துவார். அங்கே பீரங்கிப் படையைச் சேர்ந்தவர் என்று இருந்தால், அடுத்தபடி சென்னைச் சேனையின் பெயர்ப்பட்டியலையும், இங்கிலாந்தில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய பட்டியலையும் கேட்டு வாங்குவார். அதில் வயது, பிறந்த ஊர், பட்டாளத்தில் சேருமுன் செய்த தொழில் எல்லாம் அகப்படும். 1864-இல் சென்னை ரயில் பாதை பெங்களூர்க் கண்டோன்மெண்டை எட்டிய பின்னர் அதே கட்டத்தில் கார்டு, டிரைவர், பயர்மேன் என்ற பெயர்கள் வரத் தொடங்குகின்றன. அப்போது தேடவேண்டிய வரிசையே வேறு. ஒரு சொல்லைக் கண்டு அடுத்த ஏடு எது என்று தீர்மானிக்கும் இந்த விவேகத்துக்குத்தான் நாம் ஊதியம் கொடுக்கிறோம்.

இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தத் தேடல் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பல குடும்பங்களுக்கு அது வாழ்வா தாழ்வா என்ற பிரச்னையாக இருந்தது. 1949 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற நினைத்த ஆங்கிலோ இந்தியர்கள், தம் தந்தை வழியில் வந்த முன்னோர் ஒருவர் பிரிட்டனில் பிறந்தவர் என்று காகிதத்தால் நிரூபிக்கவேண்டியிருந்தது. கண்டோன்மெண்டின் ரயில்வே, தபால் தந்தி உத்தியோகஸ்தர்களின் வீடுகளில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி எழுந்தது. பூட்டனார் எந்தக் கப்பலில் வந்தார்? எந்தப் படையில் இருந்தார்? லண்டனில், முன்பு இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இலாகாவான இந்தியா ஆபீசின் ஏடுகளைப் பார்ப்பதற்கு அங்கே ஒருவர் வேண்டும். ஆங்கிலேயர்களிடையே பழைய தஸ்தாவேஜுகளைக் கூலிக்குத் தேடித் தரும் தொழில் வெகு காலமாக நிலவிவந்ததால் ஆள் கிடைப்பது அரிதாக இல்லை. வம்சாவளி ஆராய்ச்சிக்கென்றே அந்நகரில் 1911-இல் ஒரு சங்கம் அமைந்தது. கூலிக்குத் தேடுவோர் தமக்குள் ஒழுங்குமுறை வகுத்துக்கொண்டு 1968-இல் தனிச் சங்கம் கண்டனர். ஏடுகளோ இடம் மாறிக்கொண்டே இருந்தன: 1967-இல் பிளாக்பிரையர்ஸ் வீதிக் கட்டடத்துக்கும், 1982-இல் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்புக்கும், 1998-இல் செயின்ட் பாங்கிராஸில் உள்ள இன்றைய இடத்துக்கும் அவை சென்றன.

ஆனால் அந்தச் சட்டம் தந்தை வழியையே கேட்டது. ஆகையால் பணம் கொடுத்தவர்களும் தந்தை வழியையே தேடச் சொன்னார்கள். ஆங்கிலச் சிப்பாய் பிறந்த கிராமம் தெரியவந்த பல குடும்பங்களில், அவனைக் கைப்பிடித்த இந்தியப் பெண்ணின் ஊரும் உற்றாரும் தெரியாமலே போயின. ஏட்டில் அவள் ஞானஸ்நானப் பெயர் மாத்திரம், குலமும் தகப்பன் பெயரும் இன்றி, ஒற்றைச் சொல்லாக நிற்கும். அவளுடைய தாய்மொழி தமிழா தெலுங்கா என்றுகூட அந்தக் கட்டங்களில் கேட்பாரில்லை. இந்த அநீதியைப் பிற்காலத் தேடலேனும் ஓரளவு பரிகரிக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். விவாகப் பதிவின் அடியில் சாட்சிக் கையொப்பம் இட்டவர்கள் யார், குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றவள் யார் என்று பார்த்துக்கொண்டே போனால், அவளுடைய உறவினர் யாராவது ஓர் ஓரத்தில் தென்படக்கூடும்.

கூலி கொடுத்துக் குலம் கேட்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புது வித்தை என்று யாரும் எண்ணவேண்டாம். கயையிலும் ஹரித்துவாரத்திலும் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் யாத்திரிகர்களின் ஊர், குலம், மூதாதையர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்து, சந்ததியார் வந்து கேட்கும்போது வாசித்துக் காட்டித் தட்சிணை பெற்று வந்திருக்கிறார்கள். ஆயினும் ஒரு பேதம் உண்டு. பண்டாவின் ஏட்டில் குடும்பத்தார் தாமே விரும்பித் தம் பெயரைச் சேர்த்தார்கள். சர்க்கார் ஏட்டிலோ பென்ஷனுக்காகவும் வரிக்காகவும் நம் பெயரைப் பிறர் எழுதிக்கொண்டார்கள்.

காக்ஸ் டவுன் தமிழர்களில் மூதாதையர் நிலபுலத்தோடு இருந்தவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும். 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன், மானிய நிலங்கள் ஒவ்வொன்றையும் விசாரித்து, யாருக்கு எப்போது யார் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன முறை என்று எழுதிவைத்த பதிவேடுகள் அங்கே உள்ளன. நிலவழக்குகளில் இன்றும் அவற்றின் நகலைக் கோர்ட்டார் கேட்கிறார்கள். ஒரு கிராமத்து ஏட்டில் மூன்று தலைமுறை வரிசையாகக் கிடைத்துவிடுவதும் உண்டு. நிலமில்லாதவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுள் பலர் பட்டாளத்துக்குப் போனவர்கள். 1780-இல் தோன்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படை அல்சூர் ஏரிப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அதில் சேர்ந்து முதல் உலக யுத்தத்தில் மெசபொடேமியாவில் மாண்டவர்கள் பலர். அங்கே மாண்டோருக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகக் குறித்துவிட்டார்கள். இப்படிப் பாரபட்சம் நேர்ந்ததை யுத்தக் கல்லறைக் கமிஷன் 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் இல்லாத பெயரைக் கமிஷனின் பதிவேட்டில் தேடலாம். தகப்பன் பெயரும் கிராமமும் குறித்த பதிவு கிடைத்தால் அது பெரும் பாக்கியம்.

எதிர்த்திசையிலிருந்தும் இதே தேடல் வருகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் புறப்பட்ட 342 பேர் 1860 நவம்பர் 16-ஆம் தேதி நேட்டாலின் தர்பனில் இறங்கியது முதல், கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சந்ததியார் இன்று தம் கிராமத்தைத் தேடி இந்தியாவிலுள்ள ஒருவரை அமர்த்துகிறார்கள். இதன் அருமையை உணர்ந்து நம் அரசாங்கமே 2008 அக்டோபரில் ஒரு திட்டம் வகுத்தது: வேர் தேடுகிறவர் தம் நாட்டு இந்தியத் தூதரகத்தில் 30,000 ரூபாய் கட்டவேண்டும், அதற்கென அமர்த்திய ஸ்தாபனம் தேடும், முயற்சி பலிக்காவிட்டால் 20,000 ரூபாயைத் திருப்பித் தருவார்கள் என்பது அப்போதைய ஏற்பாடு. இந்த விதியை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். மிஞ்சிய 10,000 ரூபாய், கிட்டாத பொருளுக்காகச் செய்த உழைப்புக்கும் விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது.

இத்தொழிலின் தர்மம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்டால்தான் பணம் என்று பேசினால், காணாததையும் கண்டதாகச் சொல்லும் சபலத்தை நாமே உண்டாக்குகிறோம். அதே பெயர், ஏறக்குறைய அதே வயது, பக்கத்துப் படைப்பிரிவு என்றால், அவர்தான் உங்கள் பூட்டனார் என்று எழுதி அனுப்பிவிடுவது எவ்வளவு சுலபம்! இந்தியா ஆபீஸ் ஏடுகளின் படங்கள் 2014 முதல் இணையத்தில் கிடைக்கத் தொடங்கியதால், வீட்டிலிருந்தபடியே தேடுவோர் பெருகியிருக்கிறார்கள். ஆயினும் படமெடுக்காத தொகுதிகள் எத்தனையோ இருக்கின்றன. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு அதன் அட்டவணைகள் பல மாதங்கள் முடங்கியபோது, ஏடுகளைப் பழகி அறிந்த மனிதரின் தேவை எல்லோருக்கும் புலனாயிற்று.

ஆகவே காக்ஸ் டவுன் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தூரத்தில் உள்ளவருக்கு எழுதுமுன் உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பென்ஷன் காகிதம், விவாகச் சான்று, ஓசூர் ரோடு, கல்பள்ளிக் கல்லறைகளின் வாசகம் ஆகியவற்றை நகலெடுத்து அனுப்புங்கள். தாய் வழியையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேடிய நேரத்துக்கு ஊதியம் உண்டு என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். பார்த்துப் பலனின்றிப் போன தொகுதிகளின் எண்களையும் எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பேரன் தேடும்போது அதே ஏடுகளுக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டியிராது.