சூசையப்பர் மடமும் சாய்ந்த காடும்



ஜூபிலி மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் ஆலயத்தின் வரலாற்றையே எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அதை நம் பங்கின் மூத்த ஆசிரியர் ஒருவர் இம்மலரின் முற்பகுதியில் நம்மைவிடச் செவ்வையாக எழுதிவிட்டார். ஆகவே, நம் பாதுகாவலரான புனித சூசையப்பரின் பெயரையே தாங்கி, கடல் கடந்த நாட்டில் புயலில் அடிபட்டு எழுந்த ஒரு துறவு மடத்தின் கதையைச் சொல்ல முன்வருகிறோம். தூரத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையில் லூசியானா என்றொரு மாநிலம் உண்டு. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்ட கத்தோலிக்க மண் அது. நாம் மாவட்டம் என்று சொல்லும் அரசாங்கப் பிரிவுக்கு அங்கே இன்றளவும் ‘பாரிஷ்’, அதாவது பங்கு, என்றே பெயர். கோவிலின் பங்கு எல்லை பிற்காலத்தில் அரசாங்கத்தின் எல்லையாகிவிட்டது. (அங்கே பங்கு வரி பாக்கி என்றால் அரசாங்கமே வந்து கேட்கும். நம் பங்கு வரி பாக்கியை நினைத்தால் நமக்குப் பெருமூச்சுதான் வருகிறது.)

1889ஆம் ஆண்டில், இந்தியானா மாநிலத்துப் புனித மெயின்ராட் மடத்திலிருந்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் சிலர் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருக்களாக உருவாக்க வேண்டும் என்பதே நோக்கம். 1891ல் குருமடம் தொடங்கியது. 1902ல் காவிங்டன் ஊருக்கு அருகே, போக் பலாயா என்ற ஆற்றங்கரைக்கு இடம் பெயர்ந்தார்கள். 1903ல் அது முழு உரிமை பெற்ற மடமாயிற்று. 1907ல் தீப்பற்றிக் கட்டடம் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். எந்த மடத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் பாதி, ‘மறுபடியும் கட்டினார்கள்’ என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடும் என்பது குருமடத்தில் நாம் கற்ற பாடம்.

ஜெபமும் உழைப்பும் ஆசீர்வாதப்பர் சபையாரின் இரு கரங்கள். தங்கள் கையுழைப்பினால் வாழும்போதுதான் அவர்கள் மெய்யான துறவிகள் என்பது அவர்களுடைய ஒழுங்கு. வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பதும் அதே ஒழுங்கில் உள்ளது. அதனால்தான் அம்மடம் ஞான ஒடுக்கத்துக்கு வருவோருக்கும் வீடாக இருந்து வருகிறது. ‘ஒடுக்கம்’ என்று நம் முன்னோர் வைத்த பெயர் எத்தனை பொருத்தமானது! ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுத்துக்கொள்வதுபோல, மனிதன் தன் கண், காது, நாவு எல்லாவற்றையும் சில நாட்களுக்கு உள்ளே வாங்கிக்கொள்கிறான். அதற்கு அமைதி வேண்டும். அந்த மடத்துக்கு அமைதியைக் கொடுத்தது சுற்றிலும் இருந்த காடு. அந்தக் காடு வெறும் அழகுக்காக நின்றதும் அல்ல. அதன் மரத்தை விற்று வந்த பணமும் மடத்தின் செலவுக்கு உதவியது.

2005 ஆகஸ்டு 29ந் தேதி கத்ரீனா என்ற சூறாவளி அந்தக் கரையில் ஏறியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கரைகள் உடைந்து ஊர் நீரில் மூழ்கியதையும், ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் உலகமே அறியும். ஏரிக்கு வடக்கே இருந்த இம்மடத்தைப் பற்றி அந்நாட்களில் பேச யாருக்கும் நேரமில்லை. அங்கே உடைந்தது பிழைப்பு. காடு பெருஞ்சேதம் அடைந்தது. ஒரு மரம் வளர ஒரு தலைமுறை ஆகும். அதுவரை மடத்தார் எதைக் கொண்டு சாப்பிடுவது?

இங்கேதான் நமக்கு இந்தக் கதையில் ஈடுபாடு உண்டாயிற்று. ஒரு புயலுக்குப் பிறகு உதவி கேட்பது எளிது. மனமுள்ளவர்கள் கொடுக்கவும் கொடுப்பார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு யார் கொடுப்பார்கள்? மடத்தார் வெளியே பார்ப்பதற்கு முன் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக, தங்களுள் மரித்தவர்களை அடக்கம் செய்ய அவர்களே பலகை அறுத்துச் சவப்பெட்டி செய்து வந்திருக்கிறார்கள். பளபளப்பும் பித்தளைப் பூவேலையும் இல்லாத, எளிய மரப்பெட்டி. 1990களில் ஆயர்கள் இருவர் இத்தகைய பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட்டபோது, அதைக் கண்ட மக்கள், “எங்களுக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா?” என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சூசையப்பர் தச்சர். நன்மரணத்துக்குப் பாதுகாவலரும் அவரே. அவர் பெயர் கொண்ட மடம் வேறு என்ன தொழிலைத் தேடிப் போகும்?

இரண்டு லட்சம் டாலர் முதலீட்டில், 2007 நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளை ஒட்டிப் பட்டறை திறந்தார்கள். அப்போது பெட்டி ஒன்றின் விலை 1,500 முதல் 2,000 டாலர் வரை இருந்தது. இது அங்கே கடைகளில் கேட்ட விலையைவிடக் குறைவு. மடத்தில் செய்த பொருளை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்று ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கின் 57ஆம் அதிகாரத்தில் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

டிசம்பரிலேயே தடை வந்தது. லூசியானாவில் சவப்பெட்டி விற்பதென்றால் ஈமச்சடங்குத் தொழிலுக்கான அரசாங்க உரிமம் வேண்டுமாம். அந்த உரிமத்துக்கு முப்பது பேர் அமரும் கூடம், ஆறு பெட்டிகளைக் காட்சிக்கு வைக்கும் அறை, சடலத்தைப் பதப்படுத்தும் வசதி, உரிமம் பெற்ற இயக்குநர் ஒருவர், இத்தனையும் வேண்டும். மீறினால் அபராதமும் சிறையும். பதப்படுத்தவோ அடக்கம் நடத்தவோ மடத்தார் கேட்கவில்லை. பெட்டி செய்து கொடுக்க மட்டுமே கேட்டார்கள். பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி இல்லாமலே புதைக்கவும் தடையில்லை. வெளிமாநிலத்திலிருந்து வாங்கி வந்தாலும் கேள்வியில்லை. உள்ளூர்த் துறவி விற்றால்தான் குற்றம்! தடை விதித்த வாரியத்தில் உறுப்பினர் ஒன்பது பேர். அவர்களுள் எட்டுப் பேர் அதே தொழிலைச் செய்பவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாசகர்களுக்கு விஷயம் விளங்கும்.

2008லும் 2010லும் சட்டத்தைத் திருத்தும்படி சட்டமன்றத்தை அணுகினார்கள், நடக்கவில்லை. 2010 ஆகஸ்டில் நீதிமன்றம் சென்றார்கள். துறவிகள் வழக்காடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இதைப் படித்தபோது நாமும் சற்றுத் தயங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் புனித சின்னப்பரும் செசாரிடம் முறையிட்டார் அல்லவா? தன் ஆதாயத்துக்காகச் சண்டையிடுவது வேறு, உழைத்து உண்ணும் உரிமைக்காக நிற்பது வேறு. 2011 ஜூலையில் தீர்ப்பு மடத்துக்குச் சாதகமாயிற்று. வாரியம் மேல்முறையீடு செய்தது. 2013 மார்ச் 20ந் தேதி ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் மடத்தின் பக்கமே நின்றது. ஒரு தொழிலாரின் வருமானத்தைப் போட்டியிலிருந்து காப்பது மட்டுமே ஒரு சட்டத்துக்கு நியாயமாகாது என்பது தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. காடு சாய்ந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பெட்டி செய்யும் உரிமை கைக்கு வந்தது.

அத்துடன் சோதனை முடிந்ததா என்றால், இல்லை. 2016 மார்ச்சில் நாட்கணக்கில் மழை கொட்டியது. அமைதியாக ஓடிக்கொண்டிருந்த போக் பலாயா ஆறு கரை மீறி மடத்து வளாகத்துக்குள் புகுந்தது. காற்றுக்கு அஞ்சியவர்களுக்கு இம்முறை தண்ணீர் வந்தது. மறுபடியும் துடைத்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். பட்டறை இன்றும் நடக்கிறது. ஒடுக்கத்துக்கு வருவோரும் வருகிறார்கள். அங்கே தங்கிச் சாவைத் தியானிப்பவனுக்குப் பிரசங்கத்தில் பாதி மிச்சம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதே மடத்தில்தானே பெட்டி தயாராகிறது!

இனி நம் பங்குக்கு வருவோம். கோவில் பின்புறத்து அறையில் ஒரு பழைய தூம்பா இருக்கிறது. அதன் கால் ஒன்று ஆடுகிறது. முற்காலத்தில் ஏழை பணக்காரன் என்றில்லாமல் எல்லாரையும் அதில்தான் சுமந்து போனார்கள். குழியில் பாயோடு இறக்கினார்கள். இன்று எல்லாரும் பெட்டி கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் சென்ற ஆண்டு நம் பங்கில் ஒரு விதவைத் தாய், மகனை அடக்கம் செய்ய வட்டிக்குக் கடன் வாங்கிப் பெட்டி எடுத்தார் என்பது, அடக்கம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் நமக்குத் தெரியவந்தது. அந்த மூன்று மாதமும் அவர் ஞாயிறு காணிக்கையைத் தவறவிடவில்லை. இதை எழுதும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூபிலிக்காக வளைவு கட்டுகிறோம், விளக்கு போடுகிறோம், நல்லதே. அதோடு ஒரு சிறு பட்டறைக் கொட்டகையும் வேண்டும் என்று பங்குப் பேரவையில் சொல்லியிருக்கிறோம். முடிவு இன்னும் ஆகவில்லை. சென்ற மழைக்காலத்துக் காற்றில் விழுந்த பூவரசு மரம் கல்லறைச் சுவரோரம் கிடப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். விறகுக்கு விலை பேச இரண்டு பேர் வந்தார்கள், நாம் கொடுக்கவில்லை. மரவேலை தெரிந்தவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டுக்கு வந்து, அதில் எத்தனை பலகை தேறும் என்று பார்த்துச் சொன்னால் போதும்.