வரத்தும் மட்டமும்: ஹாக்கி கோல்கீப்பரின் கணக்கில் அணித் தற்காப்பின் பங்கு

சென்னையை அடுத்த சோழவரம் ஏரியின் மட்டம் ஓரடி ஏறினால், சோழவரத்தில் நல்ல மழை என்று இங்கே யாரும் முடிவுகட்டுவதில்லை. பூண்டி ஏரியில் திறந்த நீர் கால்வாய் வழியே வந்து சேர்ந்திருக்கலாம். புழல் ஏரிக்குத் திறந்துவிடாமல் தேக்கியும் வைத்திருக்கலாம். வரத்தையும் போக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் மட்டத்துக்குப் பொருள். கல்லூரி ஹாக்கியில் கோல்கீப்பரை எடைபோடும்போது மட்டும் இந்த விவேகத்தை மறந்துவிடுகிறோம். விட்ட கோல்களின் எண்ணிக்கையே அவர் தரம் என்றாகிவிடுகிறது. அந்த எண் பெரும்பாலும் அணித் தற்காப்பின் கணக்கு. எதிரணி அடித்த அடிகளை வகைபிரித்த பிறகே கோல்கீப்பரின் பங்கு தெரியவரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நல்ல சான்று இந்தியக் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷின் கடைசி இரண்டு ஒலிம்பிக் போட்டிகள். 2021இல் டோக்கியோவில் இந்தியா 8 ஆட்டங்களில் விட்ட கோல்கள் 23. 2024இல் பாரிஸில் அதே 8 ஆட்டங்களில் 12. இரண்டு முறையும் வெண்கலம். காவலிலும் அதே ஆள். முப்பத்து மூன்று வயதில் இருந்ததைவிட முப்பத்தாறு வயதில் அவர் இருமடங்கு கெட்டிக்காரர் ஆகிவிட்டாரா? இடையில் மாறியது அவர் முன்னால் நின்ற ஆட்டம். 2023இல் பயிற்சியாளராக வந்த கிரெய்க் ஃபுல்டன், முதலில் தற்காப்பு, அதிலிருந்து வெற்றி என்ற ஒழுங்கை அணிக்குள் கொண்டுவந்தார்.

டோக்கியோவின் 23ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் ஏழு, ஆஸ்திரேலியாவிடம் 1-7 எனத் தோற்ற ஒரே ஆட்டத்தில் விழுந்தவை. பெல்ஜியத்துடனான அரையிறுதியில் இந்தியா விட்டுக்கொடுத்த பெனால்டி கார்னர்கள் 14. அன்று விழுந்த ஐந்து கோல்களில் மூன்று பெனால்டி கார்னர், ஒன்று பெனால்டி ஸ்ட்ரோக். ஐந்தாவது, கூடுதல் ஆட்டக்காரருக்காகக் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்ட பிறகு காலி வலைக்குள் போனது. ஆளே இல்லாத நேரத்துக் கோலும் வெறும் கூட்டலில் அவர் பெயரில்தான் ஏறும்.

பெனால்டி கார்னரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோல்கீப்பருடன் நான்கு தற்காப்பாளர்கள் மட்டும் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். அணியின் மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் முதல் ரஷ்ஷர் டிராக் ஃபிளிக் அடிப்பவரை நோக்கி நேராகப் பாய்வார். அவர் ஓடும் கோடு சரியாக இருந்தால் வலையின் ஒரு பக்கம் அடைபடும். மறுபக்கத்தைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்ளலாம். அரையடி பிசகினால் 3.66 மீட்டர் அகலமும் அவர் பொறுப்பு. போதாக்குறைக்கு ரஷ்ஷரே பந்தை மறைத்துவிடுவார். பாரிஸில் இந்த ஓட்டத்துக்குப் பேர்போன அமித் ரோஹிதாஸ், பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் சிவப்பு அட்டை பெற்றதால், ஜெர்மனியுடனான அரையிறுதியில் ஆட முடியவில்லை. அன்று விழுந்த முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. ஓர் ஆட்டத்தை வைத்துக் காரணம் நிறுவிவிட முடியாது. ஆனால் கோல்கீப்பரின் எண் எத்தனை பேர் காலில் ஓடுகிறது என்பது புரிகிறது.

அப்படியானால் தடுத்த விழுக்காட்டை வைத்து அளக்கலாமே? அதுவும் முழுத் தீர்வல்ல. ஒரு கற்பனைக் கணக்கு: வலுவான அணியின் கோல்கீப்பர், ஓட்டத்தில் வந்த 40 அடிகளில் 36ஐயும், 10 டிராக் ஃபிளிக்கில் 6ஐயும் தடுக்கிறார். மொத்தம் 84%. நலிந்த அணியின் கோல்கீப்பர் 25இல் 23, 25இல் 16. மொத்தம் 78%. முன்னவரே மேல் என்று தோன்றும். ஆனால் வகைவாரியாகப் பின்னவர் 92, 64; முன்னவர் 90, 60. இரண்டிலும் பின்னவரே மேல். இருவருக்கும் வந்த அடிகளைக் கூட்டி, 65க்கு 35 என்ற பொதுக் கலவையில் நிறுத்தினால் முன்னவர் 79.5, பின்னவர் 82.2. ஐஸ் ஹாக்கிக்காக அமெரிக்கப் புள்ளியியலாளர் மைக்கேல் ஷக்கர்ஸ் 2011இல் முன்வைத்த முறையின் கருவும் இதுதான்: எல்லாக் கோல்கீப்பர்களையும் ஒரே பொது அடிப்பரவலின் மேல் வைத்து அளப்பது.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தற்காப்பை அமைப்பதில் கோல்கீப்பருக்கும் பங்குண்டு. பின்னாலிருந்து கத்தி ஆட்களை நகர்த்துபவர் அவர்தான். அந்தத் திறன் தடுத்த விழுக்காட்டில் பதியாது. உண்மை, அதைக் கண்ணால் பார்த்துத்தான் மதிக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டங்களின் பற்றாக்குறை. ஒரு கல்லூரிப் போட்டியில் 30 அடிகளைச் சந்தித்து ஏறக்குறைய 75% தடுத்தவரின் எண், தற்செயலால் மட்டுமே எட்டுப் புள்ளி மேலோ கீழோ போகக்கூடும். அந்த அளவில் முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுமில்லாமல்கூடப் போகலாம்.

அணியின் கணக்கைக் கோல்கீப்பரின் தரமாக எண்ணும் குழப்பத்துக்கு விலை கொடுத்தவர், இந்தியக் கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகி. 1982 டெல்லி ஆசியப் போட்டியின் இறுதியில் இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 எனத் தோற்றபோது ஏழு கோல்களும் அவர் ஒருவர் தலையில் ஏற்றப்பட்டன. துரோகி என்ற பழியும் சேர்ந்தது. 1998இல் பாங்காக்கில் தங்கம் வென்ற அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளராக அவர் திரும்பிவரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. டோக்கியோவின் 1-7க்குப் பிறகு ஸ்ரீஜேஷுக்கு அந்தக் கதி நேரவில்லை. அடுத்தடுத்த ஆட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. ஜெர்மனியுடனான வெண்கல ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் அவர் தடுத்த பெனால்டி கார்னர் 5-4 என்ற முன்னிலையைக் காத்தது.

கல்லூரிக் கோல்கீப்பருக்கு அடுத்த ஆட்டம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நாக்-அவுட்டில் முதல் சுற்றிலேயே தோற்ற அணியின் ஆள், நான்கு கோல் விட்டவர் என்ற பெயரோடு பேடைக் கழற்றுகிறார். இதை மாற்றக் கேமராவோ மென்பொருளோ வேண்டியதில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் கையில் நான்கு பத்தி போட்ட தாள் போதும்: ஓட்டத்தில் வந்த அடி, பெனால்டி கார்னர், ஸ்ட்ரோக், கோல்கீப்பர் தனியாக மாட்டிக்கொண்ட அடி. ஒவ்வொன்றிலும் வந்தது எத்தனை, தடுத்தது எத்தனை. பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஸ்கோரைக் கேட்பதற்கு முன் அந்தத் தாளைக் கேட்கட்டும்.