காரத்தன்மை உணவுமுறையும் தோலின் அமிலப் போர்வையும்

காரத்தன்மை உணவுமுறை என்பது, உண்ணும் உணவைக் கொண்டு உடலின் அமில-கார நிலையைக் காரத்தின் பக்கம் நகர்த்தலாம், நகர்த்தினால் நோய் அண்டாது, தோல் பொலிவு பெறும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. காய்கறி, பழம், கீரை, கிழங்கு ஆகியவை காரம் தருபவை. இறைச்சி, மீன், முட்டை, பாலாடைக்கட்டி, தானியம் ஆகியவை அமிலம் தருபவை என்று அது உணவைப் பிரிக்கிறது. காரத் தண்ணீர், காரக் குளியல் உப்பு என்று கடைச்சரக்குகளும் அதை ஒட்டியே வந்தன. இந்த நம்பிக்கையின் வேரில் உண்மையான ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. அது சிறுநீரைப் பற்றியது. ரத்தத்துக்கு அது பொருந்தாது. தோலின் கதையோ நேர் எதிரானது.

1846 வாக்கில், பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னாரின் ஆய்வுக்கூடத்துக்குச் சந்தையிலிருந்து முயல்கள் வந்து சேர்ந்தன. அவை மேசைமேல் கழித்த சிறுநீர் தெளிவாக இருந்தது. சோதித்தபோது அமிலம் என்று தெரிந்தது. பெர்னாருக்கு அது உறுத்தியது. புல் தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாகவும் காரமாகவும்தான் இருக்கும். தெளிந்த அமிலச் சிறுநீர் புலால் உண்ணிகளுக்கு உரியது. வழியில் தீனி கிடைக்காத முயல்கள் தங்கள் தசையையே எரித்துப் பிழைத்திருக்க வேண்டும், அதாவது அந்த நேரத்துக்கு அவையும் புலால் உண்ணிகளே என்று அவர் ஊகித்தார். புல் போட்டார், சில மணி நேரத்தில் சிறுநீர் கலங்கிக் காரமானது. பட்டினி போட்டார், மறுபடியும் அமிலம். பிறகு வேகவைத்து ஆறவைத்த மாட்டிறைச்சியை முயல்களுக்கே கொடுத்துப் பார்த்தார். அதைத் தின்ற நாளெல்லாம் சிறுநீர் தெளிவாகவும் அமிலமாகவும் நீடித்தது. 1865-இல் வெளியான தமது பரிசோதனை மருத்துவ நூலில் இந்த நிகழ்ச்சியைப் பெர்னார் விரிவாக எழுதினார். ஓர் ஊகத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இன்றும் காட்டத் தகுந்த பாடம் அது.

அடுத்த கட்டம் சாம்பலில் தொடங்கியது. உணவை உலையில் முழுதாக எரித்து, மிஞ்சும் சாம்பலில் அமிலம் தரும் தனிமங்களான கந்தகம், பாஸ்பரஸ், குளோரின் எவ்வளவு, காரம் தரும் பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஷெர்மனும் அலெக்சாண்டர் கெட்லரும் 1912-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம் அமைத்தது. இந்தக் கெட்லர்தான் பின்னாளில் நியூயார்க் நகரின் நஞ்சு ஆய்வு நிபுணராக, கொலை வழக்குகளில் சாட்சி சொல்லிப் புகழ்பெற்றவர்.

எலுமிச்சை ஏன் ‘காரம் தரும்’ பட்டியலில் வருகிறது என்ற கேள்விக்கும் சாம்பலில்தான் விடை. நாக்கில் புளிக்கும் சிட்ரிக் அமிலத்தை உடல் எரித்துவிடுகிறது. பொட்டாசியம் சிட்ரேட்டாக வந்த பகுதி பைகார்பனேட்டாக மாறுகிறது. ஆனால் சாம்பல் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 1914-இல் பிளேதர்விக் என்ற ஆய்வாளர் மனிதர்களுக்கே உணவு கொடுத்துச் சோதித்தார். உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, வாழைப்பழம், உலர்திராட்சை ஆகியவை எதிர்பார்த்தபடி சிறுநீரின் அமிலத்தைக் குறைத்தன. பிளம் பழமும் கிரான்பெர்ரியும் கூட்டின. அவற்றின் சாம்பல் காரம்தான். ஆனால் அவற்றில் உள்ள பென்சாயிக் அமில வகையை உடல் எரிக்க முடியாமல் ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது.

இதே ஆண்டுகளில் ரத்தத்தின் கதை வேறொரு பாதையில் தெளிவாகிக்கொண்டிருந்தது. 1908-இல் ஹார்வர்டின் லாரன்ஸ் ஹெண்டர்சன், பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் சேர்ந்து ரத்தத்தின் அமில அளவை எப்படி நிலைநிறுத்துகின்றன என்று விளக்கினார். 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் பி.எச். அளவுகோலை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆரோக்கியமான மனிதரின் தமனி ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 15,000 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றுகிறது. உணவிலிருந்து மிஞ்சும் ஆவியாகாத அமிலம், உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல்தான். அதைச் சிறுநீரகம் கழித்துவிடுகிறது. சிறுநீரின் பி.எச். 4.5-இலிருந்து 8 வரை ஏறி இறங்குவதே ரத்தம் அசையாமல் இருப்பதற்காகத்தான். ஆகவே சோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்து நிறம் பார்ப்பவர், தம் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்வதையே பார்க்கிறார். உடல் ‘அமிலமாகிவிட்டது’ என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

இந்த உடலியல் பாடநூல்களில் ஏறியபோதே, சாம்பல் பட்டியல் பொதுமக்களிடம் தனியாகப் பயணப்பட்டது. ஸ்வீடனில் பிறந்து ஜெர்மனியின் டிரெஸ்டனில் பணியாற்றிய வேதியியலாளர் ராக்னர் பெர்க், அமிலம் தரும் உணவைப் போலப் பல மடங்கு காரம் தரும் உணவை உண்ண வேண்டும் என்று வலியுறுத்தினார். அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹோவர்ட் ஹே, நோய்களுக்கெல்லாம் மூலம் உடலில் சேரும் அமிலமே என்றார். மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது என்று விதித்தார். 1930-களில் அவருடைய முறை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. 2000-இல் சுவிட்சர்லாந்தில் இத்தகைய பிரித்துண்ணும் முறையையும் வழக்கமான சமச்சீர் உணவையும் ஒரே கலோரி அளவில் ஒப்பிட்டார்கள். எடைக் குறைவில் வித்தியாசம் தென்படவில்லை.

தோலின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. 1928-இல் ஜெர்மன் மருத்துவர்கள் ஹைன்ரிஷ் ஷாடே, ஆல்ஃபிரட் மார்க்கியோனினி இருவரும் மனிதத் தோலின் மேற்பரப்பு அமிலத்தால் போர்த்தப்பட்டிருக்கிறது என்று எழுதினார்கள். ‘அமிலப் போர்வை’ என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்தது. வியர்வையின் லாக்டிக் அமிலம், எண்ணெய்ப் பசையிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள், மேல்தோலின் ஃபிலாக்ரின் புரதம் சிதைந்து உண்டாகும் அமிலங்கள் எல்லாம் சேர்ந்து இதை உருவாக்குகின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்கைத் தோலின் இயல்பான பி.எச். சராசரியாக 5-க்கும் கீழே என்று மதிப்பிட்டது.

இந்த அமிலம் அழுக்கல்ல, தோலின் வேலையாள். தோல் செல்களுக்கு இடையே ஈரத்தைக் காக்கும் செராமைடு என்ற கொழுப்பை ஆக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக இயங்கும். காரம் ஏறினால், செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. தோல் உதிர்கிறது, வெடிக்கிறது. புண்ணுக்குக் காரணமாகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு நடுநிலையை ஒட்டிய சூழல் வசதி. அடோபிக் கரப்பான் உள்ளவர்களின் தோலில் பி.எச். கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்ப அளக்கப்பட்ட உண்மை. பிறந்த குழந்தையின் தோல் நடுநிலையை ஒட்டி இருந்து, நாட்களும் வாரங்களும் கடக்கும்போது அமிலமாகிறது. அந்தப் பிஞ்சுத் தோலுக்குச் சலவைக் கட்டி போன்ற காரச் சோப்பைத் தேய்ப்பது சரியல்ல என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சும் சோப்பின் பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் இருப்பது அதன் வேதியியலோடு வந்த குணம். செயற்கைக் கழுவுபொருளால் ஆன கட்டிகள் 1950-களில் இதற்கு மாற்றாக வந்தன. 1957-இல் அமெரிக்காவில் அறிமுகமான டவ் அவற்றுள் ஒன்று. ஜெர்மனியின் செபாமெட், 5.5 என்ற எண்ணையே விற்பனை முத்திரையாக்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவில் அதன் விளம்பரங்கள் லக்ஸ், பியர்ஸ், டவ் ஆகியவற்றின் பி.எச். அளவைச் சொல்லி, லக்ஸைத் துணி துவைக்கும் ரின் கட்டியோடு ஒப்பிட்டன. இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர்நீதிமன்றம் போனது. ரின் ஒப்பீட்டுக்குத் தடை விதித்த நீதிமன்றம், மற்ற ஒப்பீடுகளைத் தொடர அனுமதித்தது. தோலின் பி.எச். இந்திய வரவேற்பறைகளில் பேசுபொருளான மாதம் அது.

காரக் குளியல் உப்பு இந்த அறிவுக்கு நேர் எதிராக நிற்கிறது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பரவலான அந்தக் குளியலில், சோடியம் பைகார்பனேட் கலந்த 8.5 பி.எச். தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் உடலின் அமிலம் தோல்வழியே வெளியேறும் என்கிறார்கள். உணவின் அமிலத்தை வெளியேற்றும் வாயில் சிறுநீரகமே. குளியலில் மாறுவது தோலின் மேற்பரப்பு மட்டும், அதுவும் தேவையற்ற திசையில். ஆப்ப சோடாவைக் குழைத்து முகத்தில் தேய்ப்பதும் அதே வகைதான். அதற்காக எலுமிச்சையைத் தேய்ப்பது தீர்வாகாது: சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரும்.

1995-இல் ஜெர்மனியின் தாமஸ் ரெமர், ஃபிரீட்ரிஷ் மான்ஸ் இருவரும் செரிமானத்தில் எவ்வளவு உட்கிரகிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து, சிறுநீரகத்துக்கு ஏறும் அமிலச் சுமையை 100 கிராமுக்குக் கணக்கிட்டார்கள். பார்மசான் பாலாடைக்கட்டிக்கு 34.2, முட்டைக்கு 8.2, பருப்புக்கு 3.5, வாழைப்பழத்துக்குக் கழித்தல் 5.5, பசலை வகைக் கீரையான ஸ்பினாச்சுக்குக் கழித்தல் 14. அமிலத்தைச் சமன்செய்ய எலும்பு கரைகிறது என்று 1968-இல் லான்செட் இதழில் முன்வைக்கப்பட்ட கருதுகோளுக்கு இது உதவும் என்று பலர் எண்ணினார்கள். 2009-இலும் 2011-இலும் கனடாவின் டானிஸ் ஃபென்டன் குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உணவின் அமிலச் சுமை எலும்புத் தேய்வுக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது.

வேதனைக்குரிய அத்தியாயம் கலிஃபோர்னியாவில் எழுதப்பட்டது. 2002-இல் வெளியான ‘பி.எச். மிராக்கிள்’ நூலின் ஆசிரியர் ராபர்ட் யங், புற்றுநோயே அமிலம்தான் என்று போதித்து, தமது பண்ணையில் நோயாளிகளுக்குச் சோடியம் பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றினார். உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காக 2016-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2017-இல் சிறைத்தண்டனை பெற்றார். முறையான சிகிச்சையைக் கைவிட்டு அவரை நம்பிய மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு 10.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-இல் சான் டியகோ ஜூரி தீர்ப்பளித்தது. எந்தத் தொகையும் அவர் இழந்த காலத்தைத் திருப்பித் தராது. புற்றுநோய் அமிலத்தில் வாழ்கிறது என்று நிறுவியதற்காக ஓட்டோ வார்பர்க் நோபல் பெற்றார் என்ற பரவலான கூற்றும் தவறு. 1931-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது செல்களின் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு.

பெர்னார் கண்டது வீணாகவில்லை. யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச். அளவை 6-க்கு மேல் வைத்தால் கல் கரைகிறது. சோதனைத் தாளுக்கு வீட்டில் உண்மையான வேலை இருப்பது இங்கேதான். நாள்பட்ட சிறுநீரக நோயில் ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்த 134 பேரிடம் லண்டனில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், சோடியம் பைகார்பனேட் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகச் சரிவு மெதுவானது. 2013-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் காய்கனியைக் கூட்டியபோதும் அமில நிலை சீரடைந்ததைக் காட்டினார்கள். அதே காய்கனியில் பொட்டாசியமும் ஏராளம். சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறினால் இதயத் துடிப்பு குலையும் என்பதால், யாருக்கு எந்தக் கீரை, எவ்வளவு பழம் என்பதை ரத்தத்தில் பொட்டாசியத்தை அளந்து பார்த்துச் சிறுநீரக மருத்துவரே முடிவுசெய்கிறார்.