கல்லில் எழுந்த திருமகள்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து கொணர்ந்த திருமகள் படத்தைப் பூசை மாடத்தில் வைத்துப் போற்றியோர் பலர். அதனை வரைந்தவர் ரவிவர்மா என்பதைச் சிறுவரும் அறிவர். அச்சிட்ட ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஹர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

இவ்வரலாற்றுக்கு வித்திட்டவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூர், பரோடா சமஸ்தானங்களின் திவானாயிருந்த அவர், விருப்பங்கொண்டோர் அனைவர்க்கும் ஒரே ஓவியர் தம் கையால் எழுதித் தருதல் இயலாது. ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக்குக என்று 1884இல் ரவிவர்மாவுக்கு எழுதினார். பத்தாண்டு கழித்து, 1894இல், அச்சகமே பம்பாயில் எழுந்தது. எந்திரங்களோடு தொழிலறிந்த ஜெர்மானியரும் வந்தனர். ஷ்லைஹர் அவர்களுள் ஒருவர்.

அவரைச் செதுக்குநர் என்பது முற்றும் பொருந்தாது. கல்லச்சில் உளிக்கு வேலை இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. 1796ஆம் ஆண்டளவில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்ட முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் உருவத்தை இடவலம் மாற்றி வரைவர். கல்லை நனைத்து மை தடவினால் கோட்டில் மட்டும் மை பற்றும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல். மயிரிழை பிசகினும் தேவியின் இதழ் கன்னத்திற்கு நகர்ந்துவிடும்! ஓவியரின் ஒரு முகத்தைப் பல கற்களாகப் பகுத்துக் காணும் கண் எளிதில் வாய்ப்பதன்று.

பம்பாயில் கொள்ளைநோய் பரவிய காலம், கடனும் பெருகியது. அச்சகம் லோனாவ்லாவின் அருகே பெயர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்லைஹர் கைக்கே விலையாயிற்று. அவர் தம் பெயரைச் சூட்டாமல் ரவிவர்மா பெயரையே நிலைக்க விட்டார். வணிகத் தந்திரம் எனலாம். ஆயினும் தொழில் நன்றாகவே நடந்தது. பிற ஓவியர் படங்களும், வணிக விளம்பரங்களும், அஞ்சலட்டைகளும் அங்கே அச்சாயின.

கலையை மலிவாக்கினார் என்று அவரைப் பழித்தோர் உண்டு. அப்பழியை நான் ஏற்பதற்கில்லை. கோயில் வாயில் அடைபட்டிருந்த மக்களின் குடிசைச் சுவரிலும் கலைமகள் வீணையோடு அமர்ந்தது அம்மலிவினால் அன்றோ?

ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் சிலவற்றைத் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் காத்து வருகிறது. லோனாவ்லா அச்சகத்தையோ 1972இல் தீ உண்டது.