2 கம்பெனி ஒண்ணா சேர்ந்தா லாபம் யாருக்கு? கணக்கு போட்டு காட்டிய அமெரிக்க நிபுணர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1932-ல் பிறந்தவர் ஆலிவர் வில்லியம்சன். மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் பட்டப்படிப்பும், ஸ்டான்போர்டில் எம்.பி.ஏ.வும் படித்தார். 1963-ல் இப்போதைய கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் பி.எச்.டி. பட்டம் பெற்றார்.

பிறகு அமெரிக்க நீதித்துறையின் ஏகபோக தடுப்பு பிரிவில் வேலை பார்த்தார். கம்பெனிகள் இணைந்தால் போட்டி குறையும், விலை ஏறும் என்ற பயம் அப்போது பலமாக இருந்தது. 1968-ல் வெளியான கட்டுரையில் வில்லியம்சன், இணைப்பால் மிச்சமாகும் உற்பத்தி செலவையும் தராசில் வைக்கணும் என்றார். செலவு கொஞ்சம் குறைந்தாலே, விலை உயர்வால் பொருளாதாரத்துக்கு வரும் நஷ்டம் ஈடாகிவிடும் என்று கணக்கு காட்டினார்.

ஆனால் மிச்சமாகும் பணம் கம்பெனிக்கு போகுது, கூடுதல் விலை கொடுப்பதோ வாடிக்கையாளர். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

பொருளாதார நோபல் பரிசை 2009-ல் எலினார் ஆஸ்ட்ரமுடன் பகிர்ந்து கொண்ட வில்லியம்சன், 2020-ல் காலமானார் என்பது குறிப்பிடத்தக்கது.