கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் தமனிப் பரிசோதனை – ஒரு வரலாற்றுப் பார்வை

கதிர்வீச்சு சிகிச்சையால் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயத்திலோ கழுத்திலோ உள்ள தமனிகள் சுருங்கக்கூடும். அதை முன்கூட்டியே கண்டறிவதே தமனிப் பரிசோதனையின் நோக்கம். திருநெல்வேலிப் பக்கத்தில் இச்சிகிச்சையைக் 'கரண்டு வைப்பது' என்பார்கள். உண்மையில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. ஆற்றல் மிக்க கதிர்களே பாய்கின்றன.

தென்கோடியில் தொடக்கம்

தாமிரபரணிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. முக்கூடல் போன்ற ஊர்களில் பீடி சுற்றுவது குடும்பத் தொழில். புகையிலை, வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைத் தரும் முதன்மைக் காரணம். இதைத் தென்கோடி மருத்துவர்கள் முன்பே கவனித்தனர். அப்போது திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்.

அடையாறு

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா அங்கு சேர்ந்தார். 1950-களிலேயே கோபால்ட்-60 கருவி அங்கே வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். இன்று பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவமனையிலேயே, மக்கள் சொல்லும் 'ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி'யிலேயே, கதிர்வீச்சு சிகிச்சை கிடைக்கிறது.

தொடக்க காலத்தில் நோயாளி பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் இதயம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சிகிச்சை வெற்றி பெற்று, பலர் நீண்ட காலம் வாழத் தொடங்கிய பிறகே அந்தக் கேள்வி எழுந்தது.

தாமதமாகத் தெரிந்த விளைவு

இதயத் தசையைக் கதிர்வீச்சு எளிதில் பாதிக்காது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் கதிர்வீச்சுக்குப் பின் வரும் இதய நோயை விரிவாக விவரித்தனர். 1993-இல், ஹாட்ஜ்கின் நோய்க்குச் சிகிச்சை பெற்ற 2,232 பேரை ஆராய்ந்தபோது, இதய நோயால் இறப்பவர்கள் பொதுமக்களை விட ஏறத்தாழ மூன்று மடங்கு எனத் தெரிந்தது.

சுவீடனிலும் டென்மார்க்கிலும் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வந்தது. இதயம் பெறும் சராசரி அளவு ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளின் வீதம் 7.4 சதவீதம் உயர்கிறது என்றது அது. 'கிரே' என்பது உடல் ஏற்ற கதிர்வீச்சின் அலகு. இந்த உயர்வு முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தொடங்கி, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்தது.

காரணம் என்ன? தமனியின் உட்சுவர் கதிரால் காயப்படுகிறது. அழற்சி உண்டாகிச் சுவர் தடிக்கிறது. கொழுப்புப் படிவு விரைகிறது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை இருந்தால் ஆபத்து மேலும் கூடும். இடப்பக்க மார்புக்குச் சிகிச்சை பெற்றவர்களின் இதயம் கூடுதல் கதிரைப் பெற வாய்ப்புண்டு. வாய், தொண்டைப் புற்றுக்குக் கழுத்தில் 60 முதல் 70 கிரே வரை கொடுப்பது வழக்கம். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கழுத்துத் தமனி அங்கேதான் இருக்கிறது. அது சுருங்கினால் பக்கவாதம் வரலாம். நம் வட்டாரத்துக்கு இது முக்கியமான செய்தி.

பரிசோதனை முறை

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், ஆண்டுதோறும் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளைப் பார்க்கச் சொல்கிறது. இதயம் சராசரியாக 15 கிரேவுக்கு மேல் பெற்றிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்தாம் ஆண்டிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதயத் தமனிப் பரிசோதனையைப் பரிசீலிக்கலாம். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதே இடைவெளியில் கழுத்துத் தமனி ஸ்கேன் எடுக்கலாம். இந்த ஸ்கேனில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்லும் அளவுக்குச் சான்றுகள் இன்னும் சேரவில்லை. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இதைப் படித்து யாரும் சிகிச்சைக்கு அஞ்சக் கூடாது. புற்றைக் கட்டுப்படுத்துவதால் வரும் நன்மையே பெரிது. இன்று சி.டி. ஸ்கேன் கொண்டு திட்டமிடுவதாலும், மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்திருக்கும்போது கதிர் செலுத்துவதாலும் இதயத்துக்குச் சேரும் அளவைக் குறைக்க முடிகிறது.

ஒரு தாள்

பத்தாண்டுக்குப் பின் நெஞ்சு வலியுடன் வேறொரு மருத்துவரிடம் போகும்போது, பழைய சிகிச்சை அவருக்குத் தெரிய வழியில்லை. நோயாளியும் 'அது எப்பவோ குணமாயிட்டு' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார். அதனால் டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரப்படுத்துவது மிக அவசியம். எந்த இடத்தில், எந்த ஆண்டில், எத்தனை முறை, மொத்தம் எத்தனை கிரே என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ரேஷன் கார்டையும் நிலப்பத்திரத்தையும் வைத்திருக்கும் பெட்டியில் அதற்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களிடமும் 'எனக்குக் கரண்டு வைத்திருக்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.