சூடான கால்

தாத்தாவின் இடது பாதம் வலது பாதத்தைவிடச் சூடாக இருக்கும். வடகவுஞ்சியின் மார்கழிக் குளிரில் அதைத் தொட்டுப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. அந்தப் பாதத்தில் வேர்வையும் வராது. கேட்டால், "நரம்ப வெட்டிவிட்டாங்கடா, அதான்" என்பார்.

மலைவாழைத் தார் சுமந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, மேட்டில் கொஞ்ச தூரம் ஏறியதும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாராம். பிறகு படுத்தாலே வலி. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடியே தூங்கினாராம். கட்டைவிரல் கறுத்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பர்ஜர் நோய் என்றார்கள். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் விவரித்த நோய். புகையிலை பழகியவர்களுக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதுக்குள் வரும். பீடி புகையும் நம் ஊர்களுக்கு நன்றாகவே பழக்கமானது.

வெட்டப்பட்டது உணர்ச்சி நரம்பு அல்ல. முதுகெலும்பின் இருபுறமும் பரிவு நரம்புச் சங்கிலி ஓடுகிறது. ரத்தக்குழாய்களைச் சுருக்கிவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இடுப்புப் பகுதியில் அதை வெட்டினால் பாதத்தோலின் சிறுகுழாய்கள் தளரும்; தோல் சூடாகும், புண் ஆற வாய்ப்புண்டு. ஆனால் அடைத்த தமனி திறக்காது. மெயின் பைப் அடைத்திருக்கும்போது வீட்டுக் குழாய்களை எல்லாம் திறந்துவைப்பது மாதிரிதான்.

இந்த அறுவைசிகிச்சையின் கதையில் எனக்குப் பிடித்தது அதன் தற்செயல். 1920களில் சிட்னியில் நார்மன் ராயலும் ஜான் ஹன்டரும் இதை வேறொன்றுக்காகச் செய்தார்கள்: விறைத்துப்போன கைகால்களைத் தளர்த்த. விறைப்பு பற்றிய அவர்கள் கோட்பாடு நிற்கவில்லை. ஹன்டர் 1924இலேயே, இருபத்தாறு வயதில் இறந்துபோனார். ஆனால் வெட்டிய பக்கத்துக் கால் சூடானது. எங்கள் தொழிலில் இதை சைடு எஃபெக்ட் என்போம். அந்த சைடு எஃபெக்ட்தான் மிஞ்சியது. அதே காலத்தில் புவனோஸ் ஐரிஸில் ஹூலியோ டியெஸ் ரத்தக்குழாய் நோய்க்கென்றே இதைச் செய்தார்.

இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் இதே ஆப்பரேஷன்தான். கால் மோசமானதால் ஆஸ்திரேலியப் பயணத்தை ரத்துசெய்தார். 1949 மார்ச் 12 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஜேம்ஸ் லியர்மன்த் அவருக்கு நரம்பை வெட்டினார். கடுமையாகப் புகைத்தவர். 1951இல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை எடுத்தார்கள். 1952 பிப்ரவரியில் போய்விட்டார்.

பர்ஜர் நோயில் காலைக் காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது புகையிலையை முழுசாக விடுவது ஒன்றுதான். குறைப்பது போதாது. மதுரையில் தாத்தாவிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரோ பாதம் சூடாகிவிட்டதே, நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சூடே அவரை ஏமாற்றியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அப்பத்தாவுக்குத் தெரியாமல் பெட்டிக்கடையில் பீடிக்கட்டு வாங்கிவந்தவன் நான். எனக்கு எட்டு வயது. மீதிச் சில்லறைக்குக் கடலைமிட்டாய். நான் ஆறாவது படிக்கும்போது அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று அப்பத்தா கட்டிலோரம் உட்கார்ந்து, மிஞ்சிய இடது பாதத்தைக் கம்பளியால் மூடினாள்.

"அதுக்கு வேணாம்த்தா, அது சூடாத்தான் இருக்கு" என்றார்.